பந்தியில் போட்டது பாழில்லை

ஏழைகள் கெட்டுப்போவதே கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று ஊரைக் கூட்டிச் சோறு போட்டுத்தான் என்று ஒரு தீர்ப்பு நம்மிடையே நெடுங்காலமாக உலவுகிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொல்கிறார், கடன் கேட்கப் போனால் வங்கி அதிகாரி சொல்கிறார், பத்திரிகைத் தலையங்கம் சொல்கிறது: விரலுக்குத் தக்கபடிதான் வீங்க வேண்டும், அந்தக் காசைச் சேர்த்து வைத்திருந்தால் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கலாம். மெக்சிகோ மலைக்கிராமத்தைப் பற்றிப் பேசினாலும் இந்தோனேசியத் தீவைப் பற்றிப் பேசினாலும் இதே பேச்சுதான். சில நாடுகளில் இது சட்டமாகவே ஆகியிருக்கிறது. இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. செலவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நோட்டை மூடிவிட்டவர்கள் எழுதிய தீர்ப்பு இது.

படித்தவர்கள் இதற்கு ஆதாரமாக ஓர் எண்ணைக் காட்டுவார்கள். பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் பரம ஏழைகளின் வரவுசெலவைப் பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில், நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் கீழே வாழும் குடும்பங்களில் 100-க்கு 99 குடும்பங்கள் அந்த ஆண்டில் ஒரு கல்யாணத்துக்கோ சாவுக்கோ திருவிழாவுக்கோ செலவழித்திருந்தன. நடுத்தரமாகப் பார்த்தால் ஆண்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கு அதற்கே போயிருந்தது. அரைவயிற்றுக் கஞ்சிக்கே வழியில்லாதவர்கள் பத்தில் ஒரு பங்கைக் கொண்டாட்டத்தில் கொட்டுகிறார்களே என்று பதறுவது எளிது. 100-க்கு 99 பேர் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள் என்றால் அத்தனை பேருமா புத்தி கெட்டவர்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்ப்பதுதான் கடினம்.

இந்தத் தீர்ப்பை ஓர் அரசு முழு மூச்சாக நம்பி, சட்டம் போட்டு, ஆளைப் பிடித்துச் சிறையில் அடைத்த கதை ஒன்று உண்டு. விருந்தை வீண் என்பவர்கள் அனைவரும் அதைப் படிக்க வேண்டும்.

கனடாவின் மேற்குக் கரையில், இன்றைய பிரிட்டிஷ் கொலம்பியாவில், குவாக்வாக்கவாக்கு, ஹைடா, கிட்சான் போன்ற பழங்குடிகள் வாழ்கிறார்கள். கடலும் ஆறும் சால்மன் மீனை அள்ளிக் கொடுத்த பூமி. அங்கே ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பெயர் சூட்டினாலும், திருமணம் நடந்தாலும், தலைவர் இறந்து வாரிசு பட்டத்துக்கு வந்தாலும் போட்லாட்ச் என்னும் பெருவிருந்து நடக்கும். அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் படகேறி வரும். நாள்கணக்கில் ஆட்டம், பாட்டு, பேச்சு, சாப்பாடு. முடிவில், விருந்து கொடுத்தவர் தன்னிடம் இருப்பதையெல்லாம் வந்தவர்களுக்கு வாரி வழங்குவார். அதிகம் கொடுத்தவருக்கே அதிக மதிப்பு.

பாதிரிமார்களுக்கும் அரசு முகவர்களுக்கும் இதைக் கண்டு ஆறவில்லை. உழைத்துச் சேர்த்ததை ஒரே வாரத்தில் வாரி இறைக்கிறவன் எப்படி முன்னேறுவான், தனிச்சொத்து என்ற எண்ணம் அவனுக்கு எப்படி வரும் என்று அரசுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1884-இல் சட்டம் நிறைவேறியது, 1885 தொடக்கத்தில் அமலுக்கு வந்தது. விருந்து நடத்தினாலோ நடத்தத் துணை நின்றாலோ இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. 1897-இல் விக்டோரியா அரசியின் வைரவிழாவைப் பேரரசு முழுவதும் கோலாகலமாகக் கொண்டாடிய அதே ஆட்சியில், ஒரு மீனவக் குடும்பம் தன் வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் சூட்டி ஊருக்குப் போர்வை கொடுப்பது குற்றமாக இருந்தது. செலவு என்பதற்காக அதைத் தடுக்கவில்லை, செலவழித்தவர் யார் என்பதைப் பார்த்தே தடுத்தார்கள்.

1921 கிறிஸ்துமஸ் சமயத்தில், சட்டத்தின் கண்ணுக்குப் படாத தொலைவில் இருந்த வில்லேஜ் தீவில், டான் கிரான்மர் என்ற தலைவர் ஆறு நாள் விருந்து ஒன்றை நடத்தினார். அவர் கொடுத்தவற்றை வாசித்தால் மலைப்பாக இருக்கும். படகுகள், மோட்டார் படகுகள், பில்லியர்ட்ஸ் மேசைகள், தையல் இயந்திரங்கள், கிராமபோன்கள், வயலின், கிட்டார், போர்வைகள், மூட்டை மூட்டையாக மாவு, சர்க்கரை, ரொக்கம். ஏதோ பழங்காலச் சடங்கின் மிச்சம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அன்றைய கடைத்தெருவில் கிடைத்த புதுச் சாமான்கள் எல்லாம் அந்த விருந்துக்கு வந்து சேர்ந்திருந்தன.

செய்தி கசிந்தது. அரசு முகவர் வில்லியம் ஹாலிடே வழக்குப் போட்டார். 45 பேர் மீது குற்றச்சாட்டு. என்ன குற்றங்கள் என்று பாருங்கள்: மேடையேறிப் பேசியது, ஆடியது, பரிசுப் பொருள்களை எடுத்து வைத்தது, அவற்றைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தது. பிறகு ஒரு பேரம். முகமூடிகள், கிலுகிலுப்பைகள், ஊதுகுழல்கள், பெயரிட்டுப் போற்றிய செப்புத் தகடுகள் எல்லாவற்றையும் ஒப்படைத்தால் தண்டனையை நிறுத்தி வைப்போம் என்றார்கள். தலைமுறை தலைமுறையாகக் காத்த பொருள்களைக் கொடுத்து 22 பேர் தப்பினார்கள். ஆணும் பெண்ணுமாக 20 பேர் வான்கூவர் அருகே ஓக்கல்லா சிறைக்குப் போனார்கள். முதல் குற்றத்துக்கு இரண்டு மாதம், இரண்டாவது என்றால் மூன்று. பறித்த பொருள்களை அலர்ட் பே ஊரின் தேவாலயக் கூடத்தில் பரப்பி வைத்துக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார் ஹாலிடே. அதன்பின் அவை ஒட்டாவாவுக்கும் டொரான்டோவுக்கும் நியூயார்க்கின் ஒரு சேகரிப்பாளருக்கும் போய்ச் சேர்ந்தன.

இத்தனையும் அந்த மக்களின் நன்மைக்காக என்றே சொல்லப்பட்டது. அவர்கள் சேமிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.

சேமிக்கத் தெரியாதவர்களா அவர்கள்? அந்தக் கரையில் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்த மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1890களிலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார். விருந்தில் கொடுப்பது பழைய கடனை அடைப்பது, புதுக் கடனைக் கொடுத்து வைப்பது என்றார். ஊரறியக் கொடுத்ததால் ஊரே சாட்சி. கொடுத்தவர் இறந்தாலும் அவர் பிள்ளைகளுக்கு அது திரும்பி வரும். ஆயுள் காப்பீட்டுக்குச் சமமான ஏற்பாடு இது என்பதே அவர் வாதம். திடீரென்று சட்டம் போட்டு நிறுத்தினால் என்ன ஆகும்? கொடுத்து வைத்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் ஓட்டாண்டிகள். வீண்செலவைத் தடுக்கிறோம் என்றவர்கள் ஒரு சமூகத்தின் வைப்புநிதியை முடக்கினார்கள். அந்த முடக்கம் 1951 வரை, 66 ஆண்டுகள், நீடித்தது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. எழுத்தில்லாத அந்தச் சமூகங்களில் எந்த ஆற்றுமுகம் எந்த வீட்டுக்குச் சொந்தம், எந்தப் பெயரோடு எந்த நிலம் சேரும், யார் வாரிசு என்பதெல்லாம் விருந்து மண்டபத்தில்தான் அறிவிக்கப்பட்டன. விருந்தினர் என்பவர் வெறும் விருந்தினர் அல்லர். அவர் சாட்சி. கையில் வாங்கிய பரிசு சாட்சிக்கான கூலி. வாங்கிக்கொண்டு போனவர் நாளை மறுத்துப் பேச முடியாது. நமக்குப் பத்திரப்பதிவு அலுவலகம் செய்யும் வேலையை அவர்களுக்கு அந்தப் பந்தி செய்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதியில் பழங்குடிகளோடு எந்த ஒப்பந்தமும் செய்யாமலே நிலம் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்தச் சட்டத்தால் யாருக்கு ஆதாயம் என்பது விளங்கும்.

கிட்சான், வெட்சுவெட்டன் மக்கள் தங்கள் நிலத்துக்காக வழக்குத் தொடுத்தபோது விருந்தில் சொல்லிவந்த வீட்டு வரலாறுகளையும் பாடல்களையுமே ஆதாரமாகக் கொண்டு வந்தார்கள். மாகாண நீதிமன்றம் 1991-இல் அவற்றுக்கு மதிப்பளிக்க மறுத்தது. 1997-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், டெல்கமூக்கு வழக்கு எனப்படும் அந்த வழக்கில், அதைத் திருத்தியது. வாய்மொழி வரலாறுகளுக்கும் உரிய எடை கொடுக்க வேண்டும் என்றது. ஒரு காலத்தில் சிறைத்தண்டனைக்குரிய பேச்சு, நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் நில உரிமைக்கு ஆதாரமாக ஏறியது. விருந்து வீண் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

கனடா தூரம் என்றால் புதுக்கோட்டை தூரமில்லை. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி, தஞ்சைப் பக்கம் பேராவூரணி என்று அந்த வட்டாரத்தில் ஆடி பிறந்துவிட்டால் மொய் விருந்துக் காலம். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்தை நடத்திச் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆட்டுக்கறிச் சாப்பாடு. சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவருக்கு எதிரே வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் விருந்து வைத்தவரின் பெயர்ப் பலகை, நீள நோட்டோடு எழுதுகிறவர், பக்கத்தில் பணம் எண்ணுகிறவர், காலடியில் அண்டா. ஊர், தகப்பன் பெயர், பெயர், தொகை. ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் பட்டப்பெயரும் ஏறும். கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் எழுதுகிறவர் நிதானமாகக் கேட்டு, திருப்பிச் சொல்லி, எழுதுகிறார். அந்த வரியில் ஒரு எழுத்து பிசகினால் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு உறவே முறியும் என்பது அவருக்குத் தெரியும்.

10,000 ரூபாய் மொய் வாங்கியவர் பிறகு 15,000-ஆகத் திருப்பிச் செய்தால் கூடுதலான 5,000 வட்டியல்ல. அது புது மொய். அதை வாங்கியவர் மறுபடி திருப்ப வேண்டும். இப்படிக் கணக்கு தீராமலே ஓடுகிறது, தீராமல் இருப்பதால்தான் உறவும் ஓடுகிறது. ஆழ்துளைக் கிணறு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்கு ஓடு மாற்றுவது என்று மொத்தமாக ஒரு தொகை தேவைப்படும் குடும்பத்துக்குச் சொத்து ஜாமீன் இல்லாமல், வட்டி இல்லாமல் அது கிடைக்கிறது. எந்த வங்கி தரும் இதை? ஊட்டுகிற அந்த ஒரு வேளைக் கறிச்சோறு, இந்த ஏற்பாட்டை நடத்துவதற்கான செலவு.

மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலத்தில், நெசவுக்குப் பேர்போன தியோதித்லான் தெல் வாயே ஊரிலும் அந்த நோட்டு இருக்கிறது. சபோதெக் குடும்பங்களில் கல்யாணமென்றால் உறவும் அயலும் வான்கோழி, சோளம், கொக்கோ, ரொட்டி கொண்டு வருவார்கள். யார் எவ்வளவு கொண்டு வந்தார்கள் என்பதை எழுதி வைத்து அதே அளவு பொருளாகத் திருப்புவார்கள். கெலகெட்சா என்று பெயர். ஜூலையில் ஒஹாக்கா நகரில் சுற்றுலாக்காரர்களுக்காக நடக்கும் நடன விழாவுக்கும் இதே பெயர்தான், ஆனால் ஊரை நடத்துவது நோட்டிலுள்ள கெலகெட்சாதான். இந்தோனேசியாவின் சுலவேசியில் தொராஜா மக்களின் சாவு விருந்தில் வெட்டப்படும் எருமைகளைப் படம் பிடித்துப் போட்டு உச்சுக்கொட்டுகிறவர்கள், ஒவ்வொரு எருமையும் யாரிடமிருந்து வந்தது என்பதும் எந்த வீட்டுக்கு எவ்வளவு இறைச்சி போக வேண்டும் என்பதும் அங்கே கறாராகக் கணக்கு வைக்கப்படுவதைச் சொல்வதில்லை. கடலும் மொழியும் பிரித்து வைத்த மக்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்காமல், ஒரே ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இது பலிக்கிறதா என்று கேட்டால், அதையும் அளந்து பார்த்தவர்கள் உண்டு. கர்நாடகக் கிராமங்களில் மண்பாண்டம் செய்யும் குடும்பங்களை ஆராய்ந்த பொருளியலாளர் விஜயேந்திர ராவ் 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கொண்டாட்டத்துக்குச் செலவழித்த குடும்பங்களுக்கு ஊரில் மதிப்பு உயர்ந்திருந்தது, பிறர் வீட்டு விருந்துக்கு அழைப்பு கூடியிருந்தது, மளிகைச் சாமான்கள்கூட அவர்களுக்குக் குறைந்த விலையில் கிடைத்தன. போட்டது வேறு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. உதய்ப்பூரின் பத்தில் ஒரு பங்கைப் பார்த்துப் பதறியவர்கள் இந்தக் கட்டுரையை எடுத்துப் பார்க்கவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் கடன். மகள் கல்யாணத்துக்குக் கந்துவட்டிக்குப் பணம் வாங்கி நிலத்தை இழந்தவர்கள், செங்கல் சூளையில் கொத்தடிமையானவர்கள் நம் கண்முன்னே இருக்கிறார்கள். இந்தத் துயரத்தை நான் சிறுமைப்படுத்தமாட்டேன். ஆனால் அந்தக் கல்யாணக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். குடும்பத்தை அமிழ்த்தியது எது? நகையும் ரொக்கமுமாகப் போன வரதட்சணை, அதற்கு வாங்கிய பணத்தின் வட்டி. வரதட்சணை ஒருவழிப் பாதை. போனது திரும்பாது, எந்த நோட்டிலும் கடனாக நிற்காது, பெண்ணைப் பெற்றவர் என்றைக்கும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊருக்குப் போட்ட சோறு அப்படியல்ல. அதற்கு வந்த மொய்யே பாதிச் செலவைத் தாங்கிய வீடுகள் எத்தனையோ. வரதட்சணையையும் கந்துவட்டியையும் விட்டுவிட்டுப் பந்தியைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, எதிர்க்கத் துணிவில்லாததை விட்டுவிட்டு எளியதை அடிப்பது.

மொய்யில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. திருப்பிச் செய்ய முடியாதவர் தலைகுனிந்து ஊருக்குள் நடமாட வேண்டியிருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை வட்டாரத்துத் தென்னைகளைச் சாய்த்தபோது கொடுத்தவரும் வாங்கியவரும் ஒன்றாகவே விழுந்தார்கள், விருந்துகளில் வரவு சரிந்தது. எல்லாரையும் ஒரே நாளில் அடிக்கும் பேரழிவை அண்டை வீட்டுக்காரரின் கை தாங்க முடியாது, அங்கே அரசு வர வேண்டும். அது மொய்யை நிறுத்தச் சொல்லும் காரணமல்ல, பயிர்க்காப்பீட்டை ஒழுங்காகக் கொடுக்கச் சொல்லும் காரணம்.

இன்னொரு வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஊர் விருந்து என்கிறீர்களே, அந்த ஊரில் சேரி உண்டா? கோவில் கொடையிலும் கல்யாணப் பந்தியிலும் யாருக்குக் கடைசி இலை, யாருக்கு இலையே இல்லை? இது நியாயமான கேள்வி, இன்றைக்கும் தீராத கேள்வி. திருவிழாச் செலவைப் பெரியார் சாடியதும் தெரிந்ததே. ஆனால் சாதியை உடைக்க நினைத்தவர்கள் கையிலெடுத்த ஆயுதம் எது என்று பாருங்கள். சமபந்தி. எல்லாச் சாதியாரையும் ஒரே வரிசையில் உட்கார்த்தி ஒரே சோற்றைப் பரிமாறினார்கள். சேர்ந்து உண்பதற்குச் சமூகத்தை மாற்றும் வலிமை உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள், அதனால்தான் பழைமைவாதிகளும் சமபந்தி என்றால் துள்ளினார்கள். சுயமரியாதைத் திருமணம் புரோகிதரை வெளியே அனுப்பியது, விருந்தினரை அனுப்பவில்லை. பந்தியில் இடமில்லாதவருக்கு இடம் வாங்கித் தருவது சீர்திருத்தம். பந்தியையே சுருட்டிவிடுவது அவரை நிரந்தரமாக வெளியே நிறுத்துவது.

சட்டத்தால் கொண்டாட்டத்தைக் குறைக்கலாம் என்று இன்றும் நம்புகிற அரசுகள் இருக்கின்றன. பாகிஸ்தான் 1997-இல் திருமண வீண்செலவுத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. தஜிகிஸ்தான் 2007 முதல் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வரலாம், எவ்வளவு நேரம் நடக்கலாம் என்றெல்லாம் விதிக்கிறது. 2011-இல் தன் பிறந்தநாளை நண்பர்களோடு உணவகத்தில் கொண்டாடிய ஓர் இளைஞருக்கு அங்கே அபராதம் விழுந்தது. நாலு பேர் சேர்ந்து கேக் வெட்டியதில் நாட்டின் வறுமை எப்படிக் கூடியது என்று எந்த அதிகாரியாலும் விளக்க முடியாது. மக்கள் அரசின் அனுமதியின்றிக் கூடுவதும், அரசை எதிர்பார்க்காமல் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வதும் இப்படிப்பட்ட ஆட்சிகளுக்குப் பிடிப்பதில்லை. சிக்கனம் அதற்குப் போர்த்திய போர்வை.

வங்கியும் காப்பீடும் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் தென்கொரியாவைப் பார்க்கட்டும். ராணுவத் தளபதியாக இருந்து அதிபரான பார்க் சுங் ஹீயின் அரசு 1969-இல் குடும்பச் சடங்குகளுக்கு விதிமுறை வகுத்தது. 1973-இல் அதற்குத் தண்டனையும் சேர்த்தது. கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அச்சடிக்கக் கூடாது, மலர்வளையம் கூடாது, வந்தவர்களுக்குச் சாப்பாடோ மதுவோ கொடுக்கக் கூடாது. அதன்பின் அந்த நாடு பணக்கார நாடாகியது. வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் வந்தன. ஆனால் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் வாசலில் மேசை போட்டு, உறையில் பணம் வாங்கி, பெயரும் தொகையும் எழுதி வைக்கும் வழக்கம் ஒரு நாளும் நிற்கவில்லை. விருந்தினருக்கு உணவு கொடுப்பதைத் தடுத்த விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று 1998-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2016-இல் அரசு ஊழியர்களுக்கு லஞ்சத்தைத் தடுக்க மிகக் கடுமையான சட்டம் ஒன்று அங்கே வந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் உச்சவரம்பு வைத்த அந்தச் சட்டமும் கல்யாண, சாவு உறைகளைத் தடை செய்யத் துணியவில்லை. ஒரு லட்சம் வோன் வரை கொடுக்கலாம் என்று இடம் விட்டது. 2018-இல் அதை 50,000 ஆகக் குறைத்தார்கள். அதற்குக் கீழே போக முடியவில்லை.